மையர்: எழுத்துக்கூட்டில் ஊரைச் சொல்லும் ஒரு ஜெர்மன் குடும்பப்பெயர்

மேல்நிலை இயற்பியல் பாடத்தில் ‘மேயர் தொடர்பு’ என்ற சமன்பாடு உண்டு. ஒரு வாயுவைச் சூடாக்கும்போது அழுத்தம் மாறாமல் வைத்தால் எவ்வளவு வெப்பம் தேவை, பருமன் மாறாமல் வைத்தால் எவ்வளவு தேவை, இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்று அது சொல்லும். வேதியியல் பாடத்தில், தனிமங்களை வரிசைப்படுத்த முயன்றவர்களுள் ஒருவராக லோதர் மேயர் வருவார். தமிழில் இரண்டும் ஒரே பெயர். ஜெர்மானியர் வாயிலும் ஒரே பெயர்தான். அவர்கள் ‘மையர்’ என்பார்கள், வேகமாகப் பேசினால் கடைசி எழுத்து தேய்ந்து ‘மையா’ என்றே காதில் விழும். தாளில் எழுதும்போதுதான் இரண்டும் பிரிகின்றன. சமன்பாட்டுக்காரரான ராபர்ட் மையர் 1814-ல் தெற்கே ஹைல்பிரான் நகரில் பிறந்தவர். அவர் பெயரின் நடுவில் ‘ஏ-ஒய்’. லோதர் மையர் 1830-ல் வடகடலை ஒட்டிய ஃபாரெல் ஊரில் பிறந்தவர், அவருக்கு ‘ஈ-ஒய்’. இந்த ஓர் எழுத்து மாற்றத்துக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டு நில வரலாறும் ஒரு மொழியின் ஒலி வரலாறும் இருக்கின்றன.

குழப்பம் வராமலிருக்க, எழுத்துக்கூட்டை ஆங்கில எழுத்துப் பெயர்களாலேயே குறிப்போம். தொடக்கத்தில் எம், முடிவில் ஈ-ஆர் என்பது நிலையானது. நடுவிலுள்ள இரண்டு எழுத்துகள் மட்டும் மாறும்: ஈ-ஒய், ஈ-ஐ, ஏ-ஒய், ஏ-ஐ. இவை போக, முடிவிலுள்ள ஈயையும் விட்டுவிட்டு ஆரோடு நிறுத்தும் குட்டை வடிவங்கள் இரண்டு. ஆறும் ஒரே ஒலி. தொலைபேசியில் பெயர் சொல்லும் ஒவ்வொரு மையரும் கூடவே ‘ஈ-ஒய் மையர்’, ‘ஏ-ஐ மையர்’ என்று எழுத்தையும் சேர்த்தே சொல்வது அங்கே அன்றாடப் பழக்கம்.

வேர்ச்சொல் லத்தீன் ‘மாயோர்’. பெரியவர், மேலானவர் என்று பொருள். அரண்மனையின் தலைமை நிர்வாகிக்கு ‘மாயோர் டோமுஸ்’, வீட்டின் பெரியவர், என்று பெயர். ஃபிராங்கிய அரசில் இந்தப் பதவி அரசரையே விஞ்சிய அதிகாரமாக வளர்ந்தது. அந்தப் பதவியிலிருந்த பெப்பின் 751-ல் தானே முடிசூடிக்கொண்டார். ஆனால் இன்றைய மையர்களின் முன்னோர் அந்த உயரத்தில் இருந்தவர்கள் அல்லர். அவர்கள் கிராமத்துப் பண்ணைகளில் இருந்தார்கள்.

அக்காலத்தில் அரசனோ மடமோ பிரபுவோ வைத்திருந்த நிலம் ஒரு தலைமைப் பண்ணையைச் சுற்றி அமைந்திருந்தது. தலைமைப் பண்ணையின் நிலத்தை உடையவர் கணக்கில் நேரடியாக உழுதார்கள். மீதி நிலம் ‘ஹூஃபே’ என்ற பங்குகளாகக் குடியானவர்களிடம் இருந்தது. வட ஜெர்மனியில் ஒரு ஹூஃபே பெரும்பாலும் 30 மோர்கன். ஹனோவரை ஒட்டிய காலன்பெர்க் அளவையில் ஒரு மோர்கன் சுமார் 0.26 ஹெக்டேர். ஆக ஒரு ஹூஃபே கிட்டத்தட்ட 8 ஹெக்டேர், நம் கணக்கில் 19 அல்லது 20 ஏக்கர். குடியானவர்கள் வாரத்தில் குறித்த நாள்களில் தலைமைப் பண்ணையில் உழைக்க வேண்டும். தானியம், கோழி, முட்டை, மெழுகு என்று வரியும் செலுத்த வேண்டும். இவற்றை வசூலித்து, வேலை வாங்கி, சில்லறை வழக்குகளைத் தீர்த்துவைத்தவர்தான் மையர். ‘மணியக்காரர்’ என்று சொன்னால் நமக்கு உடனே விளங்கிவிடும்.

கி.பி. 800-ஐ ஒட்டி அரச பண்ணைகளுக்காக வகுக்கப்பட்ட ஆணைத் தொகுப்பில் இவர்களைப் பற்றி இரண்டு விதிகள் உள்ளன. ஒரு மையரின் பொறுப்பில், ஒரே நாளில் சுற்றிவந்து மேற்பார்க்க முடிந்த அளவு நிலம்தான் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது என்பது ஒன்று. செல்வாக்கு மிக்கவர்களை மையராக்கக் கூடாது. நடுத்தர நிலையிலுள்ள, நம்பிக்கையான ஆட்களையே நியமிக்க வேண்டும் என்பது இன்னொன்று. இந்தப் பெயர் ஏன் இவ்வளவு பெருகியது என்ற கேள்விக்கு இந்த இரண்டு விதிகளே பாதி விடை தந்துவிடுகின்றன. ஒரு நாள் சுற்றளவுக்கு ஒரு மையர் என்றால் நாடு முழுக்க எத்தனை ஆயிரம் மையர்கள்! அதோடு அவர்கள் ஊரோடு ஊராக வாழ்ந்த நடுத்தரக் குடும்பங்கள்.

மீதி பாதி விடை, பெயர் சூட்டும் முறையில் இருக்கிறது. ஊரே உழவர்களாக இருக்கும் இடத்தில் ‘உழவன்’ என்பது யாரையும் அடையாளம் காட்டாது. ஊருக்கு ஒருவராக இருப்பவரின் தொழில்தான் பெயராக ஒட்டும். ஆலைக்காரர், கொல்லர், மணியக்காரர் எல்லாம் ஊருக்கு ஒருவர். அதனால்தான் முல்லர், ஷ்மிட், மையர் என்ற பெயர்கள் நாடு முழுக்கத் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் முளைத்தன. இரண்டு மையர்கள் சந்தித்தால் உறவாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரே எழுத்துக்கூட்டு இருந்தாலும் இதே நிலைதான்.

12, 13-ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பண்ணை முறை குலைந்தது. உடையவர்கள் நேரடிச் சாகுபடியைக் கைவிட்டுப் பண்ணையையே குத்தகைக்கு விட்டார்கள். குத்தகையை எடுத்தவர் பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே இருந்த மையரே. ஆகவே சொல்லின் பொருள் நகர்ந்தது: மேற்பார்வையாளர் என்பது போய், பெரிய பண்ணையைக் குத்தகைக்கு வைத்திருக்கும் உழவர் என்றாயிற்று. வடமேற்கு வட்டாரமான லோயர் சாக்சனியில் இது முழுமையான சட்டமாகவே வளர்ந்தது. முழு மையர், அரை மையர், அதற்குக் கீழே சிறுகுடிகள் என்று உழவர்களுக்குப் படிநிலை வகுத்தார்கள். குத்தகை தவறினால் மையரை வெளியேற்றுவதற்கென்றே ‘அப்மையர்ன்’ என்று ஒரு வினைச்சொல் இருந்தது. 1772-ல் காலன்பெர்க் பகுதிக்கெனத் தனி மையர் ஒழுங்குச் சட்டம் வந்தது. 1833-ல் ஹனோவர் அரசு, குடியானவர்கள் பணம் கட்டி இந்தப் பிணைப்பிலிருந்து விடுபட வழிசெய்தது. வடமேற்கில் இந்தச் சொல் அவ்வளவு காலம் உயிரோடு புழங்கியதால்தான் இன்றும் அங்கே பெயர் அவ்வளவு அடர்த்தி. பிரெமன், ஹனோவர் வட்டாரங்களில் நாட்டின் முதல் பெயரான முல்லரையே மையர் முந்திவிடும்.

இதே லத்தீன் வேர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், நகரத் தலைவரைக் குறிக்கும் சொல்லாகி, 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது நம்மிடமும் வந்து சேர்ந்தது. நாம் சொல்லும் ‘சென்னை மேயர்’, ராணுவ ‘மேஜர்’, ஜெர்மன் மையர் மூன்றும் ஒரே கொடியில் காய்த்தவை. ஆனால் ஜெர்மனியில் நகரத் தலைவருக்கு மையர் என்ற பெயர் கிடையாது. அவர் ‘பூர்கர்மைஸ்டர்’. அதிலுள்ள மைஸ்டர், ஆசிரியர் என்று பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒற்றுமையைப் பார்த்து இரண்டையும் முடிச்சுப் போடக் கூடாது.

இனி எழுத்துக்கூட்டு. தெற்கே ஏன் ‘ஏ’, வடக்கே ஏன் ‘ஈ’?

இடைக்கால ஜெர்மனில் இரண்டு தனித்தனி ஒலிகள் இருந்தன: ஒன்று நெடில் ‘ஈ’, இன்னொன்று பழைய ‘எய்’. நெடில் ஈ மெல்ல உடைந்து ‘ஐ’ ஆனது. ‘மீன்’ என்ற சொல் ‘மைன்’ ஆயிற்று, ‘என்னுடைய’ என்று பொருள். பழைய எய்யும் பொதுமொழியில் அதே ‘ஐ’யாக மாறியது. பொதுமொழியில் இரண்டும் கலந்துவிட்டன. பவேரியாவிலும் சுவேபியாவிலும் நாட்டுப்புறப் பேச்சில் அவை கலக்கவில்லை. பவேரியர் பழைய எய்யை ‘ஓஅ’ என்பார்கள்; கல்லைக் குறிக்கும் ‘ஷ்டைன்’ அவர்கள் வாயில் ‘ஷ்டோஅ’. அதே விதிப்படி மையர் அங்கே ‘மோஅர்’. ஆஸ்திரிய, பவேரியக் கிராமங்களில் குளிர்காலத்தில் பனித்தரையில் கட்டை சறுக்கி விளையாடும் ஆட்டத்தில் அணித் தலைவரை இன்றும் ‘மோஅர்’ என்றுதான் அழைக்கிறார்கள். பெயராகவே உறைந்துவிட்ட ஒரு சொல், ஆடுகளத்தில் மட்டும் பழைய தலைமைப் பொருளோடு நடமாடுகிறது.

காதில் இரண்டு ஒலிகள் தனித்துக் கேட்டதால் தெற்கத்தி எழுத்தர்கள் அவற்றைத் தாளிலும் பிரித்தார்கள். புதிய ஐக்கு ஈ-ஐ, பழைய எய்க்கு ஏ-ஐ. மையர் பழைய எய்யைச் சேர்ந்தது. எனவே தெற்கில் ஏ. இந்தப் பழக்கத்தின் எச்சம் பொதுமொழியிலும் உண்டு: வீணை நரம்புக்கும் புத்தகப் பக்கத்துக்கும் ஜெர்மனில் ஒலி ஒன்றே, ‘ஸைட்டே’, நரம்பை ஏ-ஐ கொண்டும் பக்கத்தை ஈ-ஐ கொண்டும் எழுதுகிறார்கள். பேரரசரைக் குறிக்கும் ‘கைஸர்’ ஏ-ஐ பெற்றதும் இதனால்தான். வடக்கத்தி எழுத்தருக்கு அப்படிப் பிரிக்க வேண்டிய தேவை இல்லை. அவர் ஈயோடு நின்றுகொண்டார்.

ஒய் எழுத்துக்கு ஒலிக் காரணம் எதுவும் இல்லை. பழைய கையெழுத்தில் எம், என், யூ, ஐ எல்லாம் குட்டைக் கோடுகளின் வரிசை. நடுவே ஓர் ஐ வந்தால் எண்ணித்தான் படிக்க வேண்டும். வால் நீண்ட ஒய் கண்ணுக்கு உடனே தெரியும், பார்க்கவும் அழகு. 16, 17-ஆம் நூற்றாண்டு அலுவலகங்களில் அது நாகரிகமாகப் பரவியது. பின்னாளில் எழுத்துச் சீர்திருத்தங்கள் சாதாரணச் சொற்களிலிருந்து இந்த ஒய்யை நீக்கின. பெயர்களை அவை தொடவில்லை.

இதன் விளைவாக இன்றைய வரைபடம் ஏறத்தாழ இப்படி இருக்கிறது. ஈ-ஒய் லோயர் சாக்சனியிலும் வடக்கிலும். ஈ-ஐ வெஸ்ட்ஃபாலியாவிலும் பவேரியாவின் சில பகுதிகளிலும் சுவிட்சர்லாந்திலும். ஏ-ஐயும் ஏ-ஒய்யும் வுர்ட்டம்பர்க், பவேரியா, ஆஸ்திரியாவில். ஏ-ஒய்-ஆர் என்ற குட்டை வடிவம் ஆக்ஸ்பர்க் பக்கமும் மேல் ஆஸ்திரியாவிலும். ஏ-ஐ-ஆர் டைரோலில், இத்தாலியின் பகுதியான தென் டைரோலில் அது மிகப் பரவலான பெயர்களில் ஒன்று. அறிந்த மனிதர்களை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தின் முதல் முதலமைச்சர் ரைன்ஹோல்ட் மையர், ஏ-ஐ, பிறந்தது வுர்ட்டம்பர்க்கின் ஷோர்ன்டார்ஃப். கால்பந்து கோல்கீப்பர் செப் மையர், ஏ-ஐ, பவேரியர். பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மையர், ஏ-ஒய்-ஆர், பிறந்தது பவேரிய ஆல்கோய் பகுதியின் கெம்ப்டன். வரைபடம் பொய் சொல்லவில்லை.

பண்ணை எது என்று காட்டக்கூடிய கூட்டுப்பெயர்கள் தனி உலகம். மேல் மையர், கீழ் மையர், ஓடைக்கரை மையர், தேவாலய மையர் என்று இருப்பிடத்தைச் சொல்பவை உண்டு. ‘ஹாபர்மையர்’ என்பதில் ஓட்ஸ், ‘ஷ்ட்ரோமையர்’ என்பதில் வைக்கோல்; அந்தப் பண்ணை எதை விளைவித்தது அல்லது வரியாக அளந்தது என்ற நினைவு அதில் தங்கியிருக்கிறது. பிரேசில் கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நீமையரின் பெயரும் இந்த வகை. பொதுமொழி தெரிந்தவர் ‘நீ’ என்றால் ‘ஒருபோதும் இல்லை’ என்று பொருள்கொண்டு திகைப்பார். வட ஜெர்மனியின் பேச்சான கீழ் ஜெர்மனில் நீ என்றால் ‘புதிய’. புதிதாக உண்டான பண்ணையின் மையர், அவ்வளவுதான்.

வெஸ்ட்ஃபாலியாவில் இன்னொரு வழக்கம் ஆய்வாளர்களை அதிகம் வழிதவற வைக்கிறது. அங்கே பெயர் ஆளோடு போகவில்லை, பண்ணையோடு நின்றது. வாரிசாக மகள் மட்டும் இருந்து, அவளை மணந்து ஒருவர் பண்ணைக்கு வந்தால், அவர் தன் பெயரை விட்டுப் பண்ணையின் பெயரை ஏற்றார். பதிவேட்டில் ‘இன்னார் எனப்படும் மையர்’ என்று இரண்டு பெயரும் சேர்ந்து வரும். தந்தை ஒரு பெயர், மகன் வேறு பெயர், அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பெயர் என்பதெல்லாம் அங்கே இயல்பு. பிரஷ்ய அரசு 1822-ல் அனுமதியின்றிக் குடும்பப்பெயரை மாற்றத் தடை விதித்தது. கிராமங்களில் அதற்குப் பிறகும் பழைய வழக்கம் எளிதில் அடங்கவில்லை. ‘மையர் ட்ஸு’ என்று தொடங்கிப் பண்ணைப் பெயரில் முடியும் நீண்ட பெயர்களும் இந்த வட்டாரத்தவை. அந்த ‘ட்ஸு’வைப் பார்த்துப் பிரபு வம்சம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது பண்ணையின் முகவரிதான்.

யூதக் குடும்பங்களில் வரும் மையர் பெரும்பாலும் வேறு வேர். ‘மெயீர்’ என்பது எபிரேய ஆண் பெயர். ஒளி தருபவர் என்று பொருள். 13-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த புகழ்பெற்ற ரப்பி, ரோட்டன்பர்க்கின் மெயீர். ரோத்சைல்ட் வங்கிக் குடும்பத்தை நிறுவியவரின் இயற்பெயர் மையர் ஆம்ஷெல். இங்கெல்லாம் அது ஆளின் பெயர். நிலையான குடும்பப்பெயர் வைத்தாக வேண்டும் என்ற சட்டங்கள் ஆஸ்திரியாவில் 1787-லும், பாடனில் 1809-லும், பிரஷ்யாவில் 1812-லும், பவேரியாவில் 1813-லும் வந்தபோது, பல குடும்பங்கள் தந்தையின் அல்லது தாத்தாவின் பெயரையே குடும்பப்பெயராக்கின. மெயீர் என்ற பெயர் ஏற்கெனவே ஊரில் இருந்த மையரோடு எழுத்திலும் ஒலியிலும் ஒன்றிப்போயிற்று. இஸ்ரேலின் கோல்டா மெயீர் 1956-ல் ‘மையர்ஸன்’ என்ற தம் பெயரை எபிரேயமாக்கியது அந்த வேருக்கே திரும்பிய செயல். எழுத்துக்கூட்டை மட்டும் வைத்து ஒரு குடும்பம் யூதக் குடும்பமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முயல்வது தவறு, ஜெர்மனியின் வரலாற்றில் ஆபத்தாகவும் இருந்திருக்கிறது.

எண்ணிக்கைக்கு வருவோம். ஜெர்மனியில் குடும்பப்பெயர் ஆய்வு பெரும்பாலும் தொலைபேசி இணைப்புகளை வைத்தே நடக்கிறது. ஜெர்மன் குடும்பப்பெயர் வரைபடத் தொகுதி 2005-ஆம் ஆண்டின் சுமார் 2.8 கோடி வீட்டு இணைப்புகளை அடிப்படையாகக் கொண்டது. அன்றைய மக்கள்தொகை 8.2 கோடிக்குச் சற்று மேல். எனவே ஓர் இணைப்புக்கு ஏறத்தாழ 2.9 பேர் என்று பெருக்கிக்கொள்ளலாம். ஈ-ஒய் மையர் 80,000-க்கு மேற்பட்ட இணைப்புகள், ஆட்கணக்கில் 2.3 முதல் 2.5 லட்சம். தரவைப் பொறுத்து இது நாட்டில் ஐந்தாவது அல்லது ஆறாவது இடம். முதலிடத்து முல்லர் ஏழு லட்சத்துக்கு மேல். ஆனால் ஈ-ஐ, ஏ-ஐ, ஏ-ஒய் ஆகிய மூன்றும்கூடத் தனித்தனியே முதல் நூறுக்குள் வருபவை. நான்கையும் கூட்டினால் மையர் முதல் மூன்றுக்குள் ஏறிவிடும். கூட்டுவதென்றால் எல்லாருக்கும் கூட்ட வேண்டும். ஷ்மிட்டின் வடிவங்களையும் சேர்த்தால் ஷ்மிட் முல்லரையே முந்திவிடுகிறது. ஆக, ‘எத்தனையாவது இடம்’ என்ற கேள்விக்கு, எதை ஒரு பெயர் என்று கொள்கிறோம் என்று முடிவுசெய்யாமல் விடை இல்லை. சுவிட்சர்லாந்தில் ஈ-ஐ மையர் இரண்டாம் இடம், ஆஸ்திரியாவில் ஏ-ஒய் மையர் முதல் பத்துக்குள்.

பெயர் இவ்வளவு பெருகினால் அடையாளம் காட்டும் வேலையைச் செய்யாது. ஜெர்மன் நிர்வாக விதிகள் இதை வெளிப்படையாக ஏற்கின்றன. நாடு முழுக்க மிகுதியாகப் புழங்கி வேறுபடுத்தும் திறனை இழந்த பெயர்களுக்கு ‘ஸம்மல்நாமன்’ என்று பெயர். அப்படியொரு பெயரைத் தாங்குவதே பெயர் மாற்றக் கோரிக்கைக்குப் போதுமான காரணமாகக் கொள்ளப்படுகிறது. மற்றவர்கள் இதற்குத் தனியாகக் காரணம் காட்ட வேண்டும்.

குடும்ப வேர் தேடுபவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். வரைபடம் பார்க்கும்போது மொத்த எண்ணிக்கை வரைபடத்தை நம்பாதீர்கள். பெர்லினும் ஹாம்பர்க்கும் எந்தப் பெயருக்கும் அடர்த்தியாகவே தெரியும். பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகித வரைபடமே வேண்டும். அலைபேசிக் காலத்துத் தொலைபேசிப் பட்டியல் பாதி வெறுமை, பழையதே நல்லது. 1945-க்குப் பின் சுமார் 1.2 கோடிப் பேர் கிழக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு மேற்கே குடியேறியதால் அந்தப் படமும் கலங்கியதுதான். அதற்கு முந்தைய நிலையைக் காண முதல் உலகப் போரின் ஜெர்மன் இழப்புப் பட்டியல்கள் உதவும். வீரரின் பெயரோடு பெரும்பாலும் ஊரும் குறிக்கப்பட்ட அந்தப் பட்டியல்களைக் கணினி வம்சாவளி ஆய்வுச் சங்கம் இணையத்தில் தேடும் வகையில் ஏற்றியிருக்கிறது.

தேடுபொறியில் ஒலிக்குறியீட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். 1969-ல் உருவான கொலோன் ஒலிக்குறியீடு எம்-ஐ 6 ஆகவும் ஆர்-ஐ 7 ஆகவும் எழுதி, நடுவிலுள்ள உயிர்களையும் ஒய்யையும் நீக்கிவிடும். ஆறு மையர்களும் 67 என்ற ஒரே எண்ணில் விழுவார்கள். அதே எண்ணில் மோர், மவுவர் போன்ற சம்பந்தமில்லாத பெயர்களும் சேர்ந்து வரும். அவற்றைக் கையால் களைய வேண்டும்.

1876 ஜனவரி 1 முதல் ஜெர்மன் பேரரசு முழுவதும் அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு நடைமுறைக்கு வந்தது; பிரஷ்யாவில் 1874-லேயே தொடங்கிவிட்டது. எழுத்துக்கூட்டு உறைந்தது அப்போதுதான். அதற்கு முன் தேவாலயப் பதிவேட்டில் பாதிரியார் காதில் விழுந்ததை எழுதினார். ஒரே பெற்றோரின் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று எழுத்துக்கூட்டு இருக்கலாம், ஆகவே எழுத்து வேறு என்பதற்காக ஒரு பதிவைத் தள்ளிவிடாதீர்கள். லத்தீனில் எழுதிய பதிவுகளில் ‘வில்லிக்குஸ்’ என்று மொழிபெயர்த்தே போட்டிருப்பார்கள். பெண் பெயரோடு ‘இன்’ சேரும். மையரின் மனைவியோ மகளோ ‘மையரின்’ என்று பதிவாகியிருப்பாள், அகரவரிசையில் அவள் வேறிடத்தில் கிடப்பாள். பழைய குரெண்ட் கையெழுத்தில் சிறிய ஈ பார்ப்பதற்கு என் மாதிரியே இருக்கும். ஈ-ஒய் மையரில் இரண்டு ஈ. அனுபவமில்லாத கை படியெடுக்கும்போது இரண்டையும் என் ஆக்கி, உச்சரிக்கவே முடியாத ஒரு சொல்லை அட்டவணையில் ஏற்றிவிடுகிறது. தேடிய பெயர் அகப்படாதபோது ஈ வரவேண்டிய இடத்தில் என் போட்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

தமிழில் இந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதுபவர், முதல் முறை பெயர் வரும்போதே நடுவிலுள்ள இரண்டு எழுத்து எவை என்று குறித்துவிடுவது நல்லது. நம் எழுத்தில் ராபர்ட்டும் லோதரும் ஒரே மேயர்தான். ஹைல்பிரானையும் ஃபாரெலையும் பிரிக்கும் எழுத்து தமிழுக்கு வரும்போது உதிர்ந்துவிடுகிறது.